டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்: கட்டடப் படங்களுக்கும் வீடியோவுக்கும் முழுமையான வழிகாட்டி

உயரமான கட்டடத்தின் உச்சி ஃபிரேமுக்குள் வரவில்லை என்றால் எல்லோரும் செய்வது கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான். உச்சி வந்துவிடும். ஆனால் பக்கச் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, கட்டடமே மல்லாக்க விழப்போகிற மாதிரி தெரியும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இந்தச் சாய்வை எடிட்டிங் வரை போகவிடாமல், நாம் நிற்கிற இடத்திலேயே சரிசெய்துவிடுகிறது. படத்தில் எந்தத் தளம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்யும் வசதியும் அதே லென்ஸில் இருக்கிறது.

இந்த லென்ஸை முதன்முதலில் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் லென்ஸைச் சாய்க்கும் டில்ட் திருகைத்தான் முதலில் திருப்புகிறார்கள். படத்தின் ஓரங்கள் குழைந்து, ஊர் பொம்மை ஊராக மாறும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கட்டடப் படங்களில் முக்கால்வாசிக்கும் மேல் வேலை செய்வது ஷிஃப்ட், அதாவது லென்ஸைச் சாய்க்காமல் நகர்த்துவது. டில்ட்டைத் தொடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாதவரை அது பூஜ்யத்தில் பூட்டியே இருக்கட்டும். அதனால் இங்கே ஷிஃப்ட்டை முதலில் பார்ப்போம்.

லென்ஸுக்குள் என்ன நடக்கிறது?

லென்ஸ் உள்ளே விழச்செய்யும் பிம்பம் வட்டமானது. அதன் நடுவில் ஒரு செவ்வகத்தைத்தான் சென்சார் பிடிக்கிறது. முழு ஃபிரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ., மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. சாதாரண லென்ஸின் பிம்ப வட்டம் இந்த மூலைகளை மூடும் அளவுக்குத்தான் இருக்கும். கேனானின் டிஎஸ்-இ 24 மி.மீ. இரண்டாம் பதிப்பில் அந்த வட்டம் 67.2 மி.மீ. அகலமுடையது. சென்சாரைச் சுற்றி இவ்வளவு பிம்பம் மிச்சமாக விழுவதால், லென்ஸை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி வட்டத்தின் வேறொரு பகுதியை எடுத்துக்கொள்ள முடிகிறது. பெரிய சுவரோவியத்தின் முன்னால் ஒரு காலிச் சட்டத்தைப் பிடித்து நகர்த்துவது போலத்தான்: ஓவியம் மாறாது, சட்டத்துக்குள் வரும் பகுதி மட்டும் மாறும்.

சுவர்கள் சாய்ந்து தெரிவதற்குக் காரணம் சென்சார் சாய்ந்திருப்பது. சென்சார் தூக்குக்குண்டுக் கயிறு மாதிரி செங்குத்தாக நின்றால், கட்டடத்தின் செங்குத்துக் கோடுகளும் படத்தில் ஒன்றுக்கொன்று இணையாகவே விழும். அது எந்த லென்ஸுக்கும் பொருந்தும். சாதாரண லென்ஸில் கேமராவை அப்படி நேராக வைத்தால் தொடுவானம் ஃபிரேமின் நடுவில் வந்து, கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகிவிடும், உச்சி வெட்டுப்படும். ஷிஃப்ட் இருந்தால் கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே தூக்கலாம். தரை குறையும், உச்சி உள்ளே வரும், கோடுகள் நேராகவே இருக்கும்.

டில்ட் செய்வது வேறு வேலை. சாதாரண லென்ஸில் சென்சார், லென்ஸ், ஃபோகஸ் ஆகும் தளம் மூன்றும் ஒன்றுக்கொன்று இணை. லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாய்ந்து, மூன்று தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கும். இதற்கு ஷைம்ஃப்ளூக் விதி என்று பெயர். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஷைம்ஃப்ளூக், வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்யும் தன் முறைக்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1901-இல், பிரான்ஸைச் சேர்ந்த ஜூல் கார்பான்டியே இதைத் தன் காப்புரிமையில் எழுதியிருந்தார்.

பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) வைத்த பெரிய கேமராக்களில் இந்த அசைவுகள் முன்பிருந்தே உண்டு. 35 மி.மீ. கேமராவுக்கு 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் ஷிஃப்ட் மட்டும் கொண்ட ஒரு 35 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது. 1973-இல் கேனான் டில்ட், ஷிஃப்ட் இரண்டும் உள்ள 35 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. இன்று கட்டடப் படக்காரர்கள் அதிகம் பேசும் 17 மி.மீ. லென்ஸும் 24 மி.மீ. இரண்டாம் பதிப்பும் 2009-இல் வந்தவை.

எந்த லென்ஸ்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கேமரா உயரத்துக்கு மேலே எவ்வளவு தூரம் ஃபிரேமுக்குள் வரும் என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: சென்சார் உயரத்தில் பாதியையும் ஷிஃப்ட்டையும் கூட்டி, ஃபோகல் லெங்த்தால் (லென்ஸின் மி.மீ. எண்) வகுத்து, கட்டடத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும்.

24 மி.மீ. லென்ஸுடன் 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், கேமரா அகலவாக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிஃப்ட் இல்லாமல் 12-ஐ 24-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால், கேமராவுக்கு மேலே 10 மீட்டர் வரும். 12 மி.மீ. ஷிஃப்ட் கொடுத்தால் அது 20 மீட்டர் ஆகிறது, அதாவது இரண்டு மடங்கு. கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி வைத்தால் பாதி உயரம் 18 மி.மீ. ஆகி, 25 மீட்டர். அதே இடத்தில் நெட்டுவாக்கில் வைத்த கேமராவில் 17 மி.மீ. லென்ஸ் சுமார் 35 மீட்டர் வரை எட்டும். 16:9 வீடியோவில் சென்சாரின் மேல், கீழ் ஓரங்கள் வெட்டுப்படுவதால் பாதி உயரம் 10 மி.மீ. சொச்சம்தான், 24 மி.மீ. லென்ஸ் முழு ஷிஃப்ட்டில் 18 மீட்டரோடு நின்றுவிடும். படமெடுக்கப்போகும் இடத்தை வரைபடத்தில் அளந்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், எந்த லென்ஸைக் கொண்டுபோவது என்ற குழப்பமே வராது.

ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் நான் 24 மி.மீ.-ஐத்தான் சொல்வேன். 17 மி.மீ. குறுகலான தெருக்களிலும் சிறிய அறைகளிலும் காப்பாற்றும், ஆனால் ஓரத்தில் இருக்கும் நாற்காலியையும் மனிதரையும் இழுத்து நீட்டிவிடும். அதன் முன்கண்ணாடி குமிழ்போலப் புடைத்திருப்பதால் ஃபில்டர் திருகவும் வழி இல்லை. நிக்கானின் 19 மி.மீ. இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லாவாவின் 15 மி.மீ. லென்ஸில் ஷிஃப்ட் மட்டும்தான். டில்ட் தேவைப்படாத கட்டட வேலைக்கு அதுவே போதும். 50, 90 மி.மீ. லென்ஸ்கள் சின்ன நுணுக்கங்களுக்கும் தொலைவிலிருந்து எடுக்கும் முகப்புகளுக்கும் உதவும். டில்ட் உண்மையில் பலன் தருவது இவற்றில்தான்.

வாங்கும்போது இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: டில்ட் திசையும் ஷிஃப்ட் திசையும் தனித்தனியாகச் சுழலுமா? பழைய மாடல்கள் பலவற்றில் இவை ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கும், மாற்ற வேண்டுமானால் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். கட்டடத்தை மேல்நோக்கி ஷிஃப்ட் செய்துகொண்டே முன்னால் உள்ள தரைக்கு டில்ட் கொடுக்க, இரண்டும் ஒரே திசையில் வேலை செய்தாக வேண்டும். கேனானின் 17, 24 இரண்டாம் பதிப்பு, நிக்கானின் 19 ஆகியவற்றில் இடத்திலேயே சுழற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: சென்சாரைச் செங்குத்தாக நிறுத்துதல்

கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் பொறுமை இங்கே வேண்டும். ட்ரைபாட் கால்களைச் சமன்செய்துவிட்டு, கேமராவின் எலக்ட்ரானிக் லெவலை இரண்டு அச்சிலும் பாருங்கள்: இடவலச் சாய்வு ஒன்று, முன்பின் சாய்வு இன்னொன்று. முன்பின் சாய்வைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவர்களை ஒன்றை நோக்கி ஒன்று சாய வைப்பது அதுதான். உருண்டையில் சுழலும் பால் ஹெட்டில் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கலையும். திருகைச் சுற்றி ஒவ்வோர் அச்சாக நகர்த்தும் கியர் ஹெட் இருந்தால் இந்த வேலை நிதானமாக முடியும்.

லெவல் பச்சை காட்டினாலும் கண்ணை நம்புங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, ஃபிரேமின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் உள்ள ஜன்னல் விளிம்புகளைக் கோட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்நோக்கிச் சாய்ந்தால் கேமரா இன்னும் கொஞ்சம் அண்ணாந்திருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேமரா பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. முகப்பை நேருக்கு நேராக எடுக்கும்போது கிடைமட்டக் கோடுகளையும் பார்க்க வேண்டும். படிக்கட்டும் மேல்விளிம்பும் ஒரு பக்கமாகச் சரிந்து போனால் சென்சார் சுவருக்கு இணையாக இல்லை என்று அர்த்தம். ட்ரைபாட்டைப் பெயர்க்க வேண்டாம், ஹெட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

கேமராவின் உயரத்தையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். உள் அறைகளில் மேசையின் மேற்பரப்பு கொஞ்சம் தெரியும் அளவுக்கு, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்தால் இயல்பாக இருக்கும். விட்டம் அதிகமாகவும் தரை குறைவாகவும் வந்தால் லென்ஸைக் கீழ்நோக்கி ஷிஃப்ட் செய்யுங்கள். எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நிற்க இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று இரண்டு பக்கமும் ஷிஃப்ட் எடுக்கலாம், படத்தின் தோற்றமும் தெருவிலிருந்து எடுத்ததைவிட அமைதியாக வரும்.

இரண்டாம் படி: ஷிஃப்ட்டால் ஃபிரேம் அமைத்தல்

பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஷிஃப்ட் திருகை மெல்லச் சுற்றுங்கள். கட்டடத்தின் உச்சிக்கு மேலே வானத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்கள். நிறுத்தியதும் பூட்டுங்கள், ஏனென்றால் லென்ஸின் எடையில் ஷிஃப்ட் தானாகவே கீழே வழுக்கி வரும். ஃபோட்டோவில் இது ஒரு படத்தோடு போகும். வீடியோவில் ஒரு நிமிட ஷாட் முழுக்க ஃபிரேம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், பெரிய திரையில் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

ஷிஃப்ட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தூரம் பிம்ப வட்டத்தின் ஓரத்துக்குப் போகிறோம். அங்கே வெளிச்சமும் கூர்மையும் குறையும். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/8 முதல் எஃப்/11 வரை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஃப்/16-க்கு மேலே போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமுமே மென்மையாகத் தொடங்கும். டிஎஸ்எல்ஆரில் ஷிஃப்ட் செய்த பிறகு கேமராவின் ஒளி அளவீட்டை நம்ப முடியாது. ஷிஃப்ட் பூஜ்யத்தில் இருக்கும்போதே அளந்து மேனுவலில் வைத்துவிடுங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரே அளப்பதால், ஷிஃப்ட் செய்த பிறகு ஹிஸ்டோகிராமை (வெளிச்ச வரைபடத்தை) பார்த்துக்கொண்டால் போதும்.

சுவர்களை முழுக்கச் செங்குத்தாக்குவதே எப்போதும் சரியா? கட்டடத்தின் உயரத்தைவிடக் குறைந்த தூரத்தில் நின்று, ஷிஃப்ட்டை எல்லை வரை தள்ளி எடுத்த படங்களைப் பாருங்கள். கோடுகள் கணக்குப்படி நேராக இருக்கும், ஆனால் கட்டடம் தலை பெருத்து, மேலே விரிவது போலத் தோன்றும். அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் குவிவதைக் கண் எதிர்பார்க்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கேமராவை மிக லேசாக அண்ணாத்தி, மீதியை ஷிஃப்ட்டில் எடுப்பேன். ‘சாய்ந்திருக்கிறது’ என்று பார்ப்பவருக்குத் தோன்றாத அளவுக்கு மட்டும்.

ஷிஃப்ட் தரும் இன்னொரு வசதி நிலைக்கண்ணாடி. குளியலறை, கடை ஜன்னல், லிஃப்ட் கதவு என்று பளபளக்கும் பரப்பை நேராக எடுத்தால் நாமும் அதில் விழுவோம். கேமராவைக் கண்ணாடிக்கு இணையாகவே வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள், பிறகு லென்ஸைக் கண்ணாடி இருக்கும் பக்கமாக ஷிஃப்ட் செய்யுங்கள். நேராக நின்று எடுத்த மாதிரியே வரும், பிரதிபலிப்பில் நாம் இருக்க மாட்டோம்.

அப்புறம், இணைப்புப் படங்கள். அகலவாக்கில் வைத்த கேமராவில் இடப்பக்கம் 12, நடு, வலப்பக்கம் 12 என்று மூன்று படங்கள் எடுத்து இணைத்தால் 60 × 24 மி.மீ. சென்சாரில் எடுத்ததற்குச் சமம். கேமராவைச் சுழற்றி எடுக்கும் பனோரமாவில் வருவது போல நேர்கோடுகள் வளையாது. மிக அருகில் தூணோ கம்பியோ இருந்தால் மட்டும் கவனம்: லென்ஸ் நகரும்போது பார்வைப் புள்ளியும் நகர்வதால் அந்த இடம் சரியாகப் பொருந்தாது. லென்ஸைப் பிடிக்கும் காலர் ஒன்றை ட்ரைபாட்டில் மாட்டினால் லென்ஸ் நிலையாக நிற்க, கேமரா உடல் மட்டும் நகரும். பொருத்தக் குறை வராது.

மூன்றாம் படி: டில்ட், காரணம் இருந்தால் மட்டும்

24 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், வழக்கமான கணக்குப்படி 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க கூர்மையோடு இருக்கும். பெரிய அச்சுக்குப் போகும் படம் என்றால் இன்னும் கண்டிப்பாகக் கணக்கிட வேண்டும், அப்போதும் முகப்புப் படங்களுக்குத் தாராளமாகப் போதும். அதனால்தான் அகல லென்ஸில் டில்ட்டை அவசரப்பட்டுத் தொட வேண்டாம் என்கிறேன். 90 மி.மீ. லென்ஸில் எஃப்/8-இல் இதே கணக்கு 17 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது. அங்கே டில்ட் இல்லாமல் முடியாது.

கோணத்தை ஊகிக்கத் தேவையில்லை. லென்ஸுக்குக் கீழே, சென்சாருக்கு இணையாக அளந்தால், ஃபோகஸ் தளம் எவ்வளவு ஆழத்தில் கடக்க வேண்டும் என்று பாருங்கள். ஃபோகல் லெங்த்தை அந்த ஆழத்தால் வகுத்தால் வருவது டில்ட் கோணத்தின் சைன் மதிப்பு. கையில் கால்குலேட்டர் இல்லை என்றால், ஃபோகல் லெங்த்தை ஐந்தால் வகுத்து, மறுபடி கேமரா உயரத்தின் அடிகளால் வகுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டச் சரியான டிகிரி கிடைக்கும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க, தரை முழுவதும் கூர்மையாக வர வேண்டும் என்றால் 24 மி.மீ.-க்கு 0.9 டிகிரி, 50 மி.மீ.-க்கு 1.9, 90 மி.மீ.-க்கு 3.4. முதன்முறை பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் சிறியதாகத் தோன்றும். 24 மி.மீ.-ஐ 8 டிகிரி சாய்த்தால் ஃபோகஸ் தளம் லென்ஸுக்கு 17 செ.மீ. கீழே கடக்கும். ஏறக்குறைய தரையில் படுத்து எடுக்கும் கேமராவுக்குத்தான் அது பொருந்தும்.

செய்யும் வரிசை இது. லெவலும் ஷிஃப்ட்டும் முடிந்திருக்க வேண்டும். கணக்கிட்ட கோணத்துக்கு லென்ஸை முன்பக்கமாக, தரையைப் பார்த்துச் சாயுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லைவ் வியூவைப் பெரிதாக்கி, தொலைவில் தரையோடு ஒட்டிய ஒரு புள்ளியில் ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது அருகில் உள்ள புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கு ஃபோகஸ் வளையத்தை இன்னும் அருகே திருப்ப வேண்டியிருந்தால் டில்ட் போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள். தூரமாகத் திருப்ப வேண்டியிருந்தால் டில்ட் அதிகம், குறையுங்கள். மீண்டும் தொலைவுக்குப் போய் ஃபோகஸ், மீண்டும் அருகே சோதனை. இரண்டு மூன்று சுற்றில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகக் கூர்மையாகும். டில்ட் ஃபிரேமையும் சற்று நகர்த்தியிருக்கும், ஷிஃப்ட்டால் திருத்திக்கொண்டு அப்பர்ச்சரை எஃப்/8-க்கு மூடுங்கள்.

சாய்ந்த தளத்தைச் சுற்றியுள்ள கூர்மைப் பரப்பு ஆப்பு வடிவில் இருக்கும்: கேமராவுக்கு அருகே மெல்லியதாகவும் தொலைவில் தடிமனாகவும். ஆகவே முன்னால் உள்ள கல்தரையும் தூரத்துக் கட்டடமும் நன்றாக வரும், ஆனால் அருகில் நிற்கும் விளக்குக் கம்பத்தின் தலை மங்கிவிடும். முன்புலத்தில் உயரமான பொருள் எதுவும் இருந்தால் டில்ட்டை விட்டுவிட்டு அப்பர்ச்சரை மூடுவதே நல்லது.

நீண்ட சுவரைப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது லென்ஸைச் சுவர் இருக்கும் பக்கமாகச் சாயுங்கள். கணக்கு அதேதான், ஆழத்துக்குப் பதில் சுவர்வரை பக்கவாட்டுத் தூரம். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் ஒரு டிகிரி. எஃப்/4-இல்கூடச் சுவரின் முதல் செங்கல்லும் கடைசிச் செங்கல்லும் கூர்மையாக நிற்க, எதிர்ப்பக்கம் மெல்லக் கரைந்துபோகும். டில்ட் தரும் பலன்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வீடியோவில்

வீடியோவில் கேமரா நகரும். எந்த அசைவில் கோடுகள் நேராகவே இருக்கும், எந்த அசைவில் கலையும் என்பது தெரிந்தால் ஷாட்டுகளைத் திட்டமிடுவது சுலபம்.

கேமராவை இடவலமாகத் திருப்பும் பேன் பாதுகாப்பானது. ட்ரைபாட்டின் சுழல் அச்சு உண்மையிலேயே செங்குத்தாக இருந்தால், ஷிஃப்ட் செய்த லென்ஸோடு எவ்வளவு திருப்பினாலும் சுவர்கள் நிமிர்ந்தே நிற்கும். அதற்கு ஹெட்டைச் சமன்செய்வது போதாது, ஹெட்டுக்குக் கீழே உள்ள கிண்ணம் சமமாக இருக்க வேண்டும். கேமராவை மேலும் கீழுமாக அண்ணாத்தும் அசைவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொடங்கிய நொடியிலேயே கோடுகள் கலைந்து, லென்ஸால் கிடைத்த பலன் முழுக்கப் போய்விடும்.

உச்சியை மெல்லக் காட்ட வேண்டும் என்றால், ஷாட் ஓடும்போதே ஷிஃப்ட் திருகைச் சுற்றலாமே என்று தோன்றும். சுற்றலாம், கோடுகளும் நேராக இருக்கும். ஆனால் பார்வைப் புள்ளி கிட்டத்தட்ட நகராததால், அச்சிட்ட ஒரு படத்தின்மேல் கேமரா ஊர்ந்து போனது போலத் தட்டையாக இருக்கும். கைவிரல்களின் அதிர்வும் தெரியும். ஸ்லைடரைச் செங்குத்தாக வைத்து கேமராவையே உயர்த்தினால் முன்புலமும் பின்புலமும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து இடத்தின் ஆழம் தெரியும். அரை மீட்டர் உயர்த்தினாலே போதும்.

முன்னோக்கி நகரும் ஷாட்டில் டில்ட் ஓர் அருமையான வேலையைச் செய்கிறது. தரைத் தளத்துக்கு டில்ட் சரியாக அமைந்துவிட்டால், அந்த ஃபோகஸ் தளம் கேமராவோடு சேர்ந்தே நகரும், தரையை விட்டு விலகாது. டாலியை (கேமராவின் சக்கர மேடையை) எவ்வளவு முன்னே தள்ளினாலும் தரையின் கூர்மை மாறாது, ஃபோகஸை மாற்றிக்கொண்டே வரும் ஃபோகஸ் புல்லர் தேவையில்லை. பேன் செய்தாலும் அப்படியே. கேமராவின் உயரம் மாறினால் மட்டும் கணக்கு தவறிவிடும், அதனால் ஜிப், கிரேன் ஷாட்டுகளுக்கு இது ஆகாது. சுவருக்காகப் பக்கவாட்டில் டில்ட் செய்திருந்தால் சுவருக்கு இணையாக ஸ்லைடரை ஓட்டுங்கள், பேன் செய்யாதீர்கள். கேமரா திரும்பினால் ஃபோகஸ் தளமும் சுவரை விட்டுத் திரும்பிவிடும்.

வெவ்வேறு தூரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பேட்டி எடுக்கும்போதும் பக்கவாட்டு டில்ட் கைகொடுக்கும். இரண்டு முகங்கள் வழியாகவும் ஃபோகஸ் தளம் போகும்படி அமைத்தால், பின்னணி மங்கலாக இருக்க இருவரும் தெளிவாகத் தெரிவார்கள். முன்னால் சாய்ந்து பேசும் பழக்கம் உள்ளவரிடம் இது பலிக்காது.

கருவிகள் விஷயத்தில் முன்கூட்டியே யோசிக்க வேண்டியவை சில. ஃபோகஸ் வளையம் லென்ஸின் முன்பகுதியில் இருப்பதால் ஷிஃப்ட், டில்ட் செய்யும்போது அதுவும் நகரும். கேமராவுக்குக் கீழே உள்ள ராடில் (கம்பியில்) மாட்டி ஃபோகஸ் வளையத்தைச் சுற்றும் ஃபாலோ ஃபோகஸ் மோட்டாரின் பல் வளையத்தை விட்டு விலகும். ஃபிரேம் அமைத்து முடித்த பிறகு மோட்டாரைப் பொருத்துங்கள். லென்ஸின் முன்னால் ஒளியை மறைக்கும் மேட் பாக்ஸும் ராடில் நிற்பதைவிட லென்ஸிலேயே மாட்டுவதாக இருந்தால் நல்லது. கேமராவை நடுங்காமல் தாங்கும் கிம்பலில் எடுப்பதாக இருந்தால் லென்ஸை ஷிஃப்ட் செய்த நிலையிலேயே எடையைச் சமன்செய்து, மேல்கீழ் அச்சைப் பூட்டிவிடுங்கள். ட்ரைபாட்டில் இருக்கும்போது கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். மின்னணு முறையில் வேலைசெய்வது ஃபிரேமை வெட்டி, ஷிஃப்ட்டில் சம்பாதித்த உயரத்தைத் தின்றுவிடும்.

வெயிலில் 25 ஃபிரேமுக்கு 1/50 ஷட்டர் வைக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். அகல லென்ஸில், அதுவும் ஷிஃப்ட் செய்த பிறகு, வேரியபிள் என்டி வானத்தில் குறுக்காக இருண்ட பட்டைகளைப் போட்டுவிடும். நிலையான அளவுள்ள என்டியோ கேமராவுக்குள்ளேயே உள்ள என்டியோ பாதுகாப்பு. உள் அறைகளில் விளக்கு மினுக்கத்தைத் தவிர்க்க, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60.

பொம்மை ஊர்

சரி, எல்லோருக்கும் ஆசையான அந்த எஃபெக்ட். மிக அருகிலிருந்து சின்னப் பொருளை எடுக்கும்போதுதான் கூர்மைப் பரப்பு மெல்லியதாக இருக்கும் என்று நம் கண் பழகியிருக்கிறது. ஊரையே அப்படி மெல்லிய பட்டையாகக் காட்டினால், மூளை அதைச் சின்ன மாதிரி வடிவமாக எடுத்துக்கொள்கிறது. இத்தாலியப் புகைப்படக் கலைஞர் ஒலிவோ பார்பியேரி ஹெலிகாப்டரிலிருந்து நகரங்களை இப்படி எடுத்துப் பேர்பெற்றவர்.

உயரமான இடத்திலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். தரைக்காகச் சாய்த்த திசைக்கு நேர் எதிராக, லென்ஸை மேல்நோக்கி முழுக்கச் சாயுங்கள். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஃபோகஸ் பட்டையை ஆட்கள் நடமாடும் இடத்தில் விழவையுங்கள். நல்ல வெயில், அழுத்தமான நிறங்கள், சின்னச் சின்ன நிழல்கள் இருந்தால் மாயம் கூடும். உயரமான கோபுரம் ஒன்று பட்டைக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, அடி கூர்மையாகவும் தலை மங்கலாகவும் இருந்தால் மாயம் உடையும். ஃபிரேம் அமைக்கும்போதே அதை ஒதுக்கிவிடுங்கள். வீடியோவாக எடுத்தால் பல மடங்கு வேகமாக ஓட்டுங்கள், அல்லது நொடிக்கு இரண்டு மூன்று படங்களாக டைம்லாப்ஸ் எடுங்கள். சின்னப் பொருட்கள் தத்தித் தத்தி நகரும் என்பதும் கண்ணுக்குப் பழகிய விஷயம்தான்.

எடிட்டிங்கில்

சாதாரண லென்ஸில் எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்திக்கொண்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. லேசான சாய்வுக்கு அது போதும். சாய்வு அதிகமானால் படத்தின் மேல்பகுதியை இழுத்து நீட்ட வேண்டும், ஓரங்களை வெட்ட வேண்டும். கட்டடத்தின் வேலைப்பாடு அதிகமுள்ள உச்சிதான் அப்போது கூர்மையை இழக்கிறது. 4கே வீடியோவில் வெட்டுவதற்கு மிச்சம் அதிகம் இருக்காது, கேமரா நகரும் ஷாட்டில் ஒரே திருத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை பொருந்தவும் செய்யாது.

டில்ட்-ஷிஃப்ட் படங்களுக்கு, ஓரக் குறைகளைச் சரிசெய்யும் லென்ஸ் புரொஃபைலை மென்பொருள் தானாகப் போட விடாதீர்கள். லென்ஸ் நடுவில் இருப்பதாக நினைத்தே அது ஓரங்களைச் சரிசெய்யும், நாம் எவ்வளவு நகர்த்தினோம் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வோர் அமைப்பிலும் ஷிஃப்ட், டில்ட் அளவுகளை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூடவே, லென்ஸின் முன்னால் பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைப் பிடித்து, அதே ஷிஃப்ட், அதே அப்பர்ச்சரில் ஒரு படம். ஓரங்களில் வெளிச்சமும் நிறமும் எவ்வளவு குறைந்தன என்பதை அது அப்படியே காட்டும், மென்பொருள் அதை வைத்துச் சமன்செய்துவிடும். வீடியோவில் மேல்நோக்கிய ஷிஃப்ட்டால் வானத்தின் மேல்மூலைகள் மட்டும் இருண்டிருக்கும். ஓர இருட்டுக்கான வட்டமான விக்னெட் திருத்தம் அங்கே பொருந்தாது, மேலிருந்து கீழாக மங்கும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள்.